மறு: டென்ஷன் ரெஞ்சுக்குத் தமிழில் என்ன?

> ‘இழுவிசைக் குறடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. டென்ஷனுக்கு ‘இழுவிசை’ பாடநூலிலேயே இருக்கிறது.

ஐயா, பாடநூலில் இருக்கிறது, சரி. ஆனால் சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பழகும் பொழுதுபோக்குக்கு நாம் போடும் இந்தச் சொற்பட்டியலில், டென்ஷன் ரெஞ்சு எதையும் இழுப்பதில்லை, குறடு மாதிரி கவ்வுவதும் இல்லை. ‘எல்’ வடிவில் மடித்த பட்டைக் கம்பி, அவ்வளவுதான். குட்டை முனையைச் சாவித்துளையில் செருகி, நீண்ட முனையை ஒரு விரலால் லேசாகத் தள்ளினால், சாவியோடு சுழல வேண்டிய உள் உருளை திரும்ப முயலும். ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் பொருந்தவில்லை என்று ‘டர்னிங் டூல்’ என்பவர்கள் இருக்கிறார்கள். பொருந்தாத பெயரை மெனக்கெட்டு மொழிபெயர்ப்பானேன்?

என் பரிந்துரை ‘திருப்புகம்பி’. வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘திருப்புளி’யோடு (ஸ்க்ரூடிரைவர்) குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே திருப்புகிற வேலைதான். ஒரே குடும்பமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

> புதிதாகப் பழகுபவர் முதலில் எதை வாங்க வேண்டும்? அந்த வரிசையில் பட்டியலைப் போடலாம்.

அப்படியென்றால் திருப்புகம்பிதான் முதலில் வர வேண்டும். பலரும் மலிவாகக் கிடைக்கிறதே என்று இருபது முப்பது கருவியும் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு கண்ணாடிப் பூட்டும் உள்ள பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். பூட்டுக்குள் விட்டுத் துழாவும் மெல்லிய கொக்கிகளில் (பிக்) பாதியைத் தொடவே மாட்டோம். திருப்புகம்பியோ ஒன்றிரண்டுதான் இருக்கும், அதுவும் வளைந்து கொடுக்கிற தகடு. குட்டைக் கொக்கி ஒன்று, நடுத்தரக் கொக்கி ஒன்று, பல முளைகளை ஒரே இழுப்பில் அசைக்கும் வாரி (ரேக்) ஒன்று, வெவ்வேறு தடிமனில் திருப்புகம்பி நாலைந்து: இதுதான் நல்ல தொடக்கம். கொக்கித் தகடு 0.6 மி.மீ. இருந்தால் சாதாரணப் பூட்டுகளுக்குப் போதும். குறுகலான சாவித்துளைக்கு 0.4 அல்லது 0.5.

கம்பிக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், லேசாகத் திருப்பிப் பிடித்திருக்கும்போது, உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கும் சிறு குச்சிகளான முளைகளில் (பின்) ஏதோ ஒன்று மட்டும் இறுகி நிற்கும். கொக்கியால் துழாவி அதைத் தூக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். உருளை மயிரிழை அளவு திரும்பும், அடுத்த முளை இறுகும். அந்த மயிரிழை விரலுக்குத் தெரிவது திருப்புகம்பி வழியாகத்தான். கம்பியே வளைந்து கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஓங்கி அழுத்தினாலும் தெரியாது, முளைகள் அசையவே மறுக்கும்.

> டாப் ஆஃப் கீவே, பாட்டம் ஆஃப் கீவே: ‘மேல்துளை’, ‘கீழ்துளை’ எனலாமா?

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சாவித்துளையின் (கீவே) எந்த ஓரத்தில் திருப்புகம்பியைச் செருகுவது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சொல்கின்றன. அமெரிக்கக் கதவுப் பூட்டுகளில் முளைகள் மேலே இருக்கும். அங்கே பிறந்த பெயர்கள் இவை. ஐரோப்பாவில் பெரும்பாலும் பூட்டையே தலைகீழாகப் பொருத்துகிறார்கள், முளைகள் கீழே. தொங்குபூட்டில் சாவித்துளை அடிப்புறத்தில் இருக்கும். அதில் எது மேல், எது கீழ்? முளைகள் இருக்கும் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பதுதான் கேள்வி. முளையை ஒட்டி ஓரத்தில் செருகினால் கொக்கி நடமாட இடம் மிச்சமாகும். அதற்குத்தான் தடித்த கம்பி வேண்டும். ஆகவே ‘முளைப்பக்கம்’, ‘எதிர்ப்பக்கம்’.

‘பின்’ என்றே எழுதலாம் என்போருக்கு ஒரு வார்த்தை: ‘பின் பக்கம் செருகு’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் பூட்டைத் திருப்பி முதுகைப் பார்ப்பார். முளைக்குச்சி நாம் அறிந்த சொல்தானே, ‘முளை’ போதும்.

அப்புறம், எடுத்துக்காட்டில் திண்டுக்கல் பூட்டைச் சேர்க்கும் யோசனை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு, பெருமைதான். ஆனால் அது முளைகளுக்குப் பதில் நெம்புதகடுகள் உள்ள லீவர் பூட்டு; இந்தக் கொக்கியும் கம்பியும் அதற்குப் பயன்படாது. தனிப் பதிவாக வைப்போம். ‘கள்ளச்சாவி’ என்பதை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் தங்கள் சொந்தப் பூட்டைத்தான் தொடுவார்கள், அதிலும் வாசலில் மாட்டியிருப்பதைத் தொடுவதில்லை என்பது அவர்களின் முதல் விதி.

‘ஹாஃப் டைமண்ட்’ என்கிற கொக்கி வகைக்குப் பெயர் பாக்கி இருக்கிறது. ‘அரைவைரம்’ நகைக்கடைச் சொல்லாக ஒலிக்கிறது. முனை முக்கோணமாகத்தான் இருக்கும், அதை வைத்து யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?