கிளாத்தி, கணவாய், ஆமை: தண்ணீருக்கடியில் நம்மூர்க்காரர்கள் பார்த்தவை

கிளாத்தியைச் சந்தையில் கருத்துப்போய்க் குவியலாகக் கிடக்கும்போதுதான் நமக்குத் தெரியும். தோலை உரித்தால்தான் சட்டியில் ஏறும், விலை குறைவு, வீட்டில் மரியாதையும் குறைவு. அந்தக் கிளாத்தியைப் பார்க்க அந்தமான் வரைக்கும் போவேன் என்று நான் நினைக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர், அப்புறம் கப்பலில் ஹேவ்லாக். 2018இல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் நாங்கள் பேசிய ஆட்டோக்காரர் முதல் சாப்பாட்டுக் கடைக்காரர் வரை எல்லாரும் ஹேவ்லாக் என்றுதான் சொன்னார்கள். நான் ஸ்கூபா, அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு முங்குவதற்கான ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பக் கோர்ஸ் முடித்திருந்ததால் கேமரா கொண்டுபோக விட்டார்கள். மச்சினனுக்கு இதுதான் முதல் தடவை, பயிற்சியாளர் அவன் தோளைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

காலையில் இறங்கியது ஆழம் குறைந்த இடம். கரையில் வைத்து எல்லா சைகையும் சொல்லிக் கொடுத்தார்கள், கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகணும் என்று அர்த்தம், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு விரலை வளையமாகக் காட்டணும். மச்சினன் என் கேமராவைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு போஸ் கொடுத்தான், பயிற்சியாளர் என்னவோ ஏதோ என்று அவனை அப்படியே மேலே கூட்டிப்போய்விட்டார். சிரித்தால் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்துவிடும், அடக்கிக்கொண்டேன்.

அந்தப் படத்தில் ஒரு விஷயம். மச்சினன் கையில் கட்டியிருந்தது நல்ல சிவப்புக் கயிறு, படத்தில் கறுப்பாக இருக்கிறது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும், ஐந்து மீட்டர் தாண்டினாலே மங்கிவிடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். மறுபடி கீழே வந்தவன் கையில் டார்ச் வெளிச்சத்தைக் காட்டினேன், கயிறு உடனே சிவந்தது. வெளிச்சம் இல்லாமல் எடுத்த படமெல்லாம் நீலமாக வருவது இதனால்தான். விளக்கைக் கேமராவை ஒட்டியே வைத்தாலும் பிரயோஜனம் இல்லை, தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் மின்னி, படம் முழுக்க மாவு தூவின மாதிரி ஆகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்கணும், மீனுக்கு ஒரு மீட்டருக்குள் போகணும். தூரத்திலிருந்து ஜூம் பண்ணுகிற வேலையெல்லாம் கடலுக்குள் ஆகாது.

இரண்டாவது முறை இறங்கியது பதினாறு மீட்டர். அங்கேதான் கிளாத்திக் கூட்டம். உயிரோடு இருக்கும்போது கருநீலம், வால் பிறை வடிவில் இரண்டு பக்கமும் நீண்டிருக்கிறது, முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் சேர்த்து இப்படியும் அப்படியும் அசைத்து நீந்துகிறது. கிட்டப் போனால் ஒவ்வொன்றும் பாறைப் பொந்தைத் தேடி ஓடி உள்ளே சொருகிக்கொள்கிறது, வால் நுனி மட்டும் வெளியே! ஒரே பாறையில் எத்தனை வால்! நான் எடுத்ததில் பாதிப் படம் வால்தான்.

திரும்பும் வழியில் ஓர் ஓட்டுக்கணவாய். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் நீளம் சொல்ல மாட்டேன். மணலுக்கு ஒரு கை உயரத்தில் அசையாமல் நின்றது, உடம்பைச் சுற்றியுள்ள மெல்லிய துடுப்பு மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. கண்மணி வட்டமாக இல்லை, வளைந்த கோடாக இருந்தது. மணல் மேல் நிற்கும்போது மணல் நிறம், பவளத்துப் பக்கம் நகர்ந்ததும் பழுப்பும் வரியும். நான் மூச்சு விட்டதும் குமிழிச் சத்தத்துக்கு முதுகில் இருட்டாக ஓர் அலை ஓடியது. சின்னமுட்டம் துறைமுகத்தில் மை அப்பி வெள்ளையாகக் கிடக்கும் கணவாயைப் பார்த்துப் பழகியவனுக்கு இது வேறு பிராணி.

ஊருக்கு வந்து படங்களைக் கடியப்பட்டணத்து மாமாவிடம் காட்டினேன். இளவயதில் ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் இரும்புக் கம்பி, இவ்வளவோடு மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர். கிளாத்தி, பாறை, கலவா என்று மீன் பேர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றார். "இங்க நீவாடு பலமா இருந்திருக்குமே" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். எப்படித் தெரியும் என்றேன். "எல்லா மீனும் ஒரே பக்கம் பாத்துல்லா நிக்கு. நீவாடு வாற பக்கம்தான் மீன் மூஞ்சிய வைக்கும்." உண்மைதான், அந்த இடத்தில் பயிற்சியாளர் எங்களைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். நான் அத்தனை முறை பார்த்த படம், மீனைத்தான் பார்த்திருக்கிறேன். மாமா அதற்கப்புறம் மீன் பேரைவிட்டுவிட்டு, எந்தப் படத்தில் நீவாடு எந்தப் பக்கம் என்றே சொல்லிக்கொண்டு போனார்.

குளச்சல்காரன்:
உங்க மாமா சொன்னது நூறு சதவீதம் சரி, எங்க அப்பாவும் அதையேதான் சொல்லுவார். நான் அமீரகத்தில் ஃபுஜைராவில் வேலை பார்த்தபோது வெள்ளிக்கிழமைகளில் டிப்பா பாறைப் பக்கம் முங்கப் போவோம், பச்சை ஆமைகள் உள்ள இடம். ஓர் ஆமை பாறையில் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது, என்னோடு வந்தவர் படம் எடுக்கிற ஆசையில் அதற்கு நேர் மேலே போய் மிதந்தார். ஆமை நம்மை மாதிரி நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி, மேலே வந்துதான் ஆகணும். வழியை அடைத்ததும் மேய்ச்சலை விட்டுவிட்டு ஒரே வெட்டில் பக்கவாட்டில் போய்விட்டது. அப்புறம் வேறோர் ஆமையிடம் நாங்கள் தள்ளி, பக்கவாட்டில், அதன் கண் மட்டத்தில் காத்திருந்தோம். அது மேய்ந்து முடித்து, நிதானமாக எழுந்து, எங்கள் முன்னாலேயே மேலே போனது. அந்த ஒரு படம் போதும், இப்போது வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வீட்டுக்காரிக்கு அந்த இடத்தில் கல்யாணப் போட்டோ மாட்டணும் என்று இருந்தது, அது தனிக் கதை.

தக்கலையிலிருந்து:
நீச்சல் தெரியாதவர்கள் முங்கலாமா? பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாம் என்று இருக்கிறோம்.

முதலில் எழுதியவன்:
பயிற்சியாளர் கூடவே வரும் அறிமுக முங்கலுக்கு நீச்சல் தேவையில்லை, பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆகியிருக்கணும். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம், காது அடைப்பு விலகாது. கீழே போகும்போது வலி வரும்முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதணும், எந்தக் காரணத்துக்கும் மூச்சை அடக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் விஷயத்தை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். அப்புறம், கடைசி நாளில் முங்கல் வைக்காதீர்கள். ஒரு முறை முங்கியிருந்தால் பன்னிரண்டு மணி நேரம், பல முறை என்றால் பதினெட்டு மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறணும்.