வாசல் விளக்குக்கு எந்த டைமர் வாங்கலாம்?

வணக்கம். கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வாசல் விளக்கைப் போட இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வருவார். போன வாரம் படியில் கால் இடறிவிட்டது. அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. டைமர் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். 9 வாட் எல்இடி பல்பு ஒன்றுதான்.

மெக்கானிக்கல் டைமர் விலை குறைவு. ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்று, அவ்வளவு நேரம் பின்தங்கிவிடும். அதனால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல்தான் சரி என்று தோன்றுகிறது.

சிக்கல் வயரிங்கில். மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் ஃபேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) மட்டும்தான் இருக்கிறது, பெரும்பாலான டைமர்கள் ஓடத் தேவையான நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) இல்லை. பழைய வீடு, சுவரை உடைக்க மனமில்லை. மெயின் போர்டு பக்கத்திலேயே டைமரைப் பொருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், அவசரத்துக்கு அம்மா கையாலும் போட்டு அணைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.