விடியலுக்கு முந்தைய முதல் காட்சி: மாணவர் குறும்படத்துக்கு ஆலோசனை தேவை

ஏழாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் இறுதி ஆண்டு படிக்கிறேன். ஆண்டிறுதிப் படைப்பாக 12 நிமிடத் தமிழ்க் குறும்படம் ஒன்றை எடுக்கவிருக்கிறோம். குழுவில் ஐந்து பேர். அவர்களில் தமிழ் பேசுபவர்கள் இருவர் மட்டுமே என்பதால், கதை பற்றி மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமல் இங்கே வந்திருக்கிறேன்.

கதை இதுதான். அப்பா பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் இரவு முழுவதும் காய்கறிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, முதல் ரயிலைப் பிடித்துக் காலை 6.15 மணிவாக்கில் வீடு திரும்புகிறார். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் அதே நேரத்தில் பள்ளிக்குக் கிளம்புகிறாள். ஒரே வீட்டில் இருந்தும், வார நாள்களில் இருவரும் முகம் பார்ப்பது மின்தூக்கி வாசலில் அந்தச் சில நொடிகள் மட்டுமே. ஒரு வாரம் அந்தச் சந்திப்பும் தவறிப்போகிறது. மீதி எல்லாம் அதன் விளைவு. அம்மா இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எழுதியிருக்கும் தொடக்கம்: மரினா பே மீது ட்ரோன் பறக்கிறது, வானம் வெளுக்கிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்று தெரிகிறது, அலாரம் அடிக்கிறது, மகள் எழுந்து பல் துலக்கி, சீருடை அணிந்து, அம்மாவின் புகைப்படத்தை ஒரு கணம் பார்க்கிறாள். இவ்வளவு நேரமும் அவளுடைய குரல் பின்னணியில் குடும்ப நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது. மூன்றாம் பக்கத்தில்தான் அப்பாவைச் சந்தித்து வீட்டுச் சாவியைக் கொடுக்கிறாள்.

விரிவுரையாளர் படித்துவிட்டு, “உன் படம் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டால், அம்மா இல்லாத வீடு அது என்பது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாவி கொடுக்கும் காட்சிக்கு மட்டும் ஒன்பது ஷாட் பிரித்து வைத்திருக்கிறேன். கல்லூரியில் இரவல் வாங்கும் கேமரா ஒன்றுதான். கையில் இருப்பவை இரண்டு காலைகள். விடியலுக்கு முந்தைய அந்த நீல வெளிச்சத்தில் ஒன்பதையும் எடுக்க முடியுமா?

---

படச்சுருள் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். விரிவுரையாளர் சொன்னது சரி, ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டு மூன்றாம் பக்கத்தை அப்படியே முன்னால் வைத்தால் அதுவும் நிற்காது. ஏனென்றால் உங்கள் கதையிலேயே மிக நல்ல பொருளான அந்தச் சாவியை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீட்டுக்குள் நுழைய ஓர் அப்பா மகளிடம் ஏன் சாவி வாங்க வேண்டும்? அந்த வீட்டுக்கு ஒரு சாவிதானா இருக்கிறது? இன்னொரு சாவி யாரிடம் போயிற்று? அரங்கில் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கேள்விகளைத் தானாகவே கேட்டுக்கொள்வார். நீங்கள் கேட்கவே வேண்டாம். அம்மாவின் புகைப்படமும் பின்னணிக் குரலும் செய்வது என்னவென்றால், அவர் கேட்பதற்கு முன்பே விடையைக் கையில் திணிப்பதுதான். அம்மா இல்லை என்பது ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்தால் போதும். அதுவரை இரண்டாவது சாவி எங்கே என்ற உறுத்தல் இருக்கட்டும்.

அலாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் குறும்படமும் அலாரம் அடித்துத்தான் தொடங்கியது. கல்லூரித் திரையிடல் மாலையில் எனக்கு முன்னால் ஓடிய மூன்று படங்களும் அப்படியே தொடங்கின. மூன்றாவது கடிகாரம் அடித்தபோதே அரங்கில் சிரிப்பு எழுந்துவிட்டது. நான்காவது என்னுடையது. அது சோகப்படம்.

ஷாட் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். அந்தக் காட்சியில் இருவர் கைகளிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். இரவெல்லாம் அட்டைப்பெட்டி பிரித்தவரின் விரல்களில் ஒட்டுநாடாவின் பசை கறுத்துப் பிசுபிசுத்துக் கிடக்கும். நகக்கண்ணில் மண் இருக்கும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் விற்க முடியாமல் ஒதுக்கிய நசுங்கிய தக்காளி நாலைந்தும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இருக்கலாம். சாவியை வாங்குமுன் அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறாரா? மகள் சாவியை அவர் உள்ளங்கையில் வைக்கிறாளா, விரல் படாமல் மேலிருந்து போடுகிறாளா? இரண்டும் வேறு வேறு படங்கள். எந்தப் படத்தை எடுக்கிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால், ஒன்பது ஷாட் தானாகவே நான்காகும் என்பது என் கணிப்பு.

நிற்கும் இடத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். மகள் மின்தூக்கிக்குள், அப்பா வெளியே, நடுவில் வாசல். இருவர் பார்வையையும் இணைக்கும் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும். அவசரத்தில் மறுபக்கம் தாண்டினால், ஒட்டிப் பார்க்கும்போது இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்ப்பதுபோல் தெரியும். அதைப் படத்தொகுப்பில் சரிசெய்ய முடியாது.

பின்னணிக் குரலை முழுவதும் நீக்கிவிட்டு ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

---

தோபாயோக்காரன் எழுதியது:

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டதால் அதைச் சொல்கிறேன். விளம்பரப் படப்பிடிப்புகளில் விளக்கு தூக்கிய அனுபவம்தான் என் தகுதி.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் இங்கே சாய்ந்து ஏறாது, ஏறத்தாழ நேராக மேலெழும். அதனால்தான் கருக்கலுக்கும் விடியலுக்கும் இடையே கேமராவுக்குப் பயன்படும் வெளிச்சம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆண்டு முழுவதும் சூரிய உதயம் இங்கே 6.45 மணிக்கும் 7.15 மணிக்கும் இடையிலேயே இருக்கும். அப்படியென்றால் உங்கள் கதை நடக்கும் 6.15க்கு வானம் நீலமாக இருக்காது, கும்மிருட்டாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள்; அதற்கு முன் இதே சூரியன் கடிகாரக் கணக்கில் அரை மணி நேரம் முன்னதாக உதித்தது. பழைய காலக் கதை எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே நீல வெளிச்சத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, இருட்டையே வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மை, மலிவும்கூட. மின்தூக்கி வாசலிலும் வாய்ட் டெக்கிலும் (புளோக்கின் திறந்த தரைத்தளம்) எரியும் விளக்கே போதும். அப்பாவுக்குப் பின்னால் தெரியும் வெளி கறுப்பாக இருக்கட்டும். 4.30க்குத் தொடங்கினால் ஒரு காலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மாறாத ஒளி கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேம் எடுத்தாலும் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் வையுங்கள், கோணமாகக் கேட்கும் கேமராவில் 172.8 பாகை. அப்படி வைக்காவிட்டால் சில விளக்குகள் திரையில் துடிக்கும். கேமராவின் சின்னத் திரையில் தெரியாத அந்தத் துடிப்பு அரங்கில் பளிச்சென்று தெரியும்.

படச்சுருள் அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ட்ரோன் வேண்டாம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். அந்த அலைச்சலுக்குப் பின் கிடைப்பதும் எல்லாரும் பார்த்துச் சலித்த அஞ்சலட்டைப் படம்தான். ஆனால் எதிர்ப்புளோக்கிலிருந்து, அசையாத கேமராவில், தாழ்வார விளக்குகள் மட்டும் வரிசையாக எரியும் ஒரே ஒரு ஷாட் இருக்கலாம். ஏழாவது மாடியில் ஓர் உருவம் கதவைப் பூட்டிவிட்டு நடப்பது சிறு புள்ளியாகத் தெரிந்தால் போதும். எத்தனை வீடுகளில் இவர்களுடையது ஒன்று என்பதை அந்த ஷாட் சொல்லும்.

இன்னொரு வழி. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டுமே நிற்கும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை மாறிவிட்டாலும், அப்படியே விடப்பட்ட புளோக்குகள் இன்னும் சில உள்ளன. அங்கே எடுத்தால் சந்திப்பைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றலாம். கேமரா வைக்க இடமும் கிடைக்கும், யாரையும் மறிக்கவும் வேண்டாம்.

---

ஏழாம்மாடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. படிக்கட்டைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். மின்தூக்கியையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. படிக்கட்டில் அவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடியும். மின்தூக்கிக் கதவு யாருக்காகவும் காத்திருக்காது. அந்த அவசரம் எனக்கு வேண்டும்.

உட்புறம் முழுக்க எவர்சில்வர் தகடு என்பதால் கேமராவும் குழுவும் பிரதிபலிக்கின்றன. உள்ளே கேமராவைக் கொண்டுபோகாமல் வெளியே இருந்தே எடுக்க வழி உண்டா? புளோக்கில் எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது?

---

ஒலிவாங்கி எழுதியது:

பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம் என்பதால், முதலில் அங்கே எழுதுங்கள். கல்லூரிக் கடிதத்தோடு தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்கூட்டியே அனுப்புவது நல்லது. அனுமதி கிடைத்தாலும் தரைத்தள அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நான்கு மொழிகளிலும் ஒரு சிறு அறிவிப்பு ஒட்டுங்கள். இருட்டில் தெரியாத ஐந்து பேர் கேமராவோடு நிற்பதைப் பார்த்துப் பயந்துபோன ஒரு பாட்டி எங்கள் படப்பிடிப்பில் காவல்துறையை அழைத்துவிட்டார். பிறகு அவரே மைலோ கலக்கிக் கொண்டுவந்து தந்தார் என்பது வேறு கதை.

ஒத்திகை பார்க்க வார நாளில் போங்கள், எடுப்பதற்குச் சனி அல்லது ஞாயிறு போங்கள். வார நாளில் 6.15க்கு எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள், எந்த மாடியில் மின்தூக்கி நின்று நின்று வருகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவர்களை மறித்து நீங்கள் படமெடுக்கக் கூடாது.

கேமராவை வெளியிலேயே, அப்பாவின் தோளுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். வாசலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கினால் தகட்டில் விழும் உருவம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். குழுவினர் கறுப்புச் சட்டை அணியட்டும்.

யாரும் ஒலியைப் பற்றிக் கேட்கவில்லை, வழக்கம்போல. அந்த நேரத்தில் நம் வீவக பேட்டைகளில் குயில் கூவும். கவிதைக்கு இனிமையாக இருக்கும் அந்தக் குயில், வசனத்தின் நடுவே புகுந்தால் உங்கள் படத்தொகுப்பாளரை அழவைக்கும். ஒரு டேக்கில் கூவல் ஏறிக்கொண்டே போகும். அடுத்த டேக்கில் மௌனம். இரண்டையும் ஒட்டினால் பறவையை நடுவில் வெட்டியது கேட்கும். இந்தக் காட்சியில் வசனமே இல்லாமல் இருந்தால் நல்லது. இருந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். குயிலைத் தனியாகப் பதிவு செய்து உங்களுக்கு வேண்டிய இடத்தில் வையுங்கள். மின்தூக்கி விசிறியின் இரைச்சல், கதவு மூடும் ஒலி, ஆள் பேசாத வெறும் வாய்ட் டெக்கின் ஒலி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள்.

சாவியையும் அப்படியே தனியாகப் பதிவு செய்யுங்கள். படம் தொடங்கும்போது திரை கறுப்பாக இருக்கட்டும். இரும்புக் கதவில் பூட்டு விழும் ஒலி மட்டும் கேட்கட்டும். ஆளில்லாத வீட்டை ஒருத்தி பூட்டுகிறாள் என்பது அதிலேயே வந்துவிடும்.

மழைக்கும் ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் எடுத்தால், சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை விடியலுக்குச் சற்று முன்புதான் பெரும்பாலும் அடிக்கும். வாய்ட் டெக்கில் நனைய மாட்டீர்கள், ஆனால் ஒலிப்பதிவு போய்விடும்.

---

ஏழாம்மாடி எழுதியது:

புதன்கிழமை காலை கைபேசியோடு போய் நின்று பார்த்தேன். 6.05 முதல் 6.30 வரை மின்தூக்கி பதினொரு முறை இறங்கியது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்த பிறகு, கதவு தானாக மூட எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நொடிக்கும் குறைவு. என் ஒன்பது ஷாட்டை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

புதிய முதல் பக்கம் இப்படி இருக்கிறது: கறுப்புத் திரை. பூட்டு விழும் ஒலி. எதிர்ப்புளோக்கிலிருந்து ஏழாவது மாடித் தாழ்வாரம், நடந்துபோகும் உருவம். மின்தூக்கி வாசல், அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து; கதவு திறக்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொள்ளத் தொடங்குகிறார், அதற்குள் அவள் சாவியை அவரிடம் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிட்டு வெளியேறுகிறாள். அண்மைக் காட்சியில், தக்காளிகளுக்கு நடுவே சாவி. அவர் உள்ளே போகிறார், கதவு மூடுகிறது. மொத்தம் நான்கு ஷாட். வசனம் எதுவும் இல்லை.

கைக்குக் கொடுக்காமல் பைக்குள் போடுவது நடிக்கும் தங்கை ஒத்திகையில் தானாகச் செய்தது. அப்பாவாக நடிப்பவர் அதை எதிர்பார்க்காததால், துடைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். அதை மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

---

ஒலிவாங்கி எழுதியது:

மாற்றாதீர்கள். ஆனால் சாவி தக்காளியில் விழுந்தால் சத்தமே வராது, பிளாஸ்டிக் பை மட்டும்தான் சலசலக்கும். அதையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.