தம்பானூர் சுருள் கட்டடமும் நம் வீட்டு வளைவுச் சுவரும்

குழு: களியக்காவிளைக் குடும்பம்

செல்வின்: திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தின் அருகிலுள்ள இந்தியன் காபி ஹவுஸின் படத்தை மேலே இட்டிருக்கிறேன். புது வீட்டின் முன்னறைச் சுவரை இப்படி வளைத்துக் கட்டலாமா என்று கேட்டதற்கு, இது பணக்காரர்களின் விளையாட்டு என்று கொத்தனார் சிரிக்கிறார். பெரியப்பா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெரியப்பா: அதை வடிவமைத்த லாரி பேக்கர் சிக்கனத்துக்கே பெயர் போனவர், தம்பி. 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியாவுக்கு வந்த அந்த ஆங்கிலேயர், பின்னர் திருவனந்தபுரத்திலேயே குடியேறி, 2007இல் காலமாகும் வரை பூசாத செங்கல் சுவர்களாலேயே பெரும்பாலும் கட்டி வந்தார். அந்தக் காபி ஹவுஸில் படிக்கட்டு என்று தனியாக ஒன்று இல்லை. நடுவிலுள்ள உருளையைச் சுற்றிச் சரிவுப் பாதை ஏறிக்கொண்டே போக, அதன் ஓரத்திலேயே மேசைகள் அமைந்திருப்பதால், நடக்கும் வழியும் உண்ணும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சுவரில் வரிசையாக விட்டிருக்கும் சிறு துளைகளின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

மேரி அத்தை: எல்லாம் சரி அண்ணா, முழங்கால் வலியுள்ளவர்கள் அந்தச் சரிவில் ஏறுவதை யார் யோசித்தார்கள்? மேசையும் இருக்கையும் கட்டியே வைத்திருப்பதால் சற்றுத் தள்ளிப் போட்டு உட்காரவும் முடியாது. மசாலா தோசைக்குள் பீட்ரூட் வைக்கும் அவர்கள் வழக்கத்தை நான் மன்னித்துவிட்டேன், இதை மன்னிக்க மாட்டேன்.

பெரியப்பா: நியாயம்தான், மேரி. அது உணவகத்துக்கு ஏற்ற வடிவம், வீட்டுக்கு அல்ல. ஆனால் செல்வின் கேட்டது சுவரைப் பற்றி. ஒரே நீளச் சுவரால் சதுரத்தைவிட வட்டம் அதிக இடத்தை வளைத்துக்கொள்ளும். வளைந்த சுவர் தானே உறுதியாக நிற்பதால் மெல்லியதாகவும் கட்டலாம். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘ராட் டிராப்’ முறையைப் பேக்கர் நிறையப் பயன்படுத்தினார். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே வெப்பமும் குறையும்.

செல்வின்: அப்படியானால் கொத்தனார் ஏன் மறுக்கிறார்?

பெரியப்பா: கூலி கூடும் என்பதால்தான். செங்கல்லில் மிச்சமாவதைப் பழக்கமில்லாத கை வேலைநாட்களில் விழுங்கிவிடும். மேலும், வளைந்த சுவரோரம் பீரோவை வைத்தால் பின்னால் பல்லி குடியிருக்க ஓர் அறையே கிடைத்துவிடும். ஆகவே முன்னறையில் ஒரு சுவரை மட்டும் வளைத்து, அதனோடு சேர்த்துத் திண்ணை போலக் கட்டச் சொல். கட்டிலும் பீரோவும் போகும் அறைகள் நேராகவே இருக்கட்டும்.

மேரி அத்தை: திண்ணையின் உயரம் என் முழங்காலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். வரைபடத்தை இங்கே போடு, செல்வின்.