ஹூஸ்டன் குவில்ட் திருவிழா: அம்மாவுடன் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

ரவுண்ட்ராக் மகள்

வணக்கம். ஆஸ்டின் பக்கம் ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். வயது 67. முப்பது வருடம் வீட்டில் ஜாக்கெட் தைத்த கை. இங்கே வந்து சும்மா இருக்க முடியவில்லை. லைப்ரரியில் ஒரு குவில்ட் புத்தகத்தைப் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் இன்னொரு துணி சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட்) புரட்டிவிட்டு, "இவ்வளவு பெரிய துணியைச் சின்னச் சின்னதா வெட்டி, மறுபடியும் ஒட்டுப்போட்டுப் பெரிசாக்குறாங்களா? எதுக்குடி?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, புத்தகத்தைத் திருப்பித் தர விடவில்லை. இரண்டு முறை ரெனியூ செய்தாகிவிட்டது.

ஹூஸ்டனில் ஜார்ஜ் ஆர். பிரவுன் கன்வென்ஷன் சென்டரில் வருடா வருடம் நடக்கும் குவில்ட் திருவிழாவுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். காலையில் கிளம்பி இரவே திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. ஒரு நாள் போதுமா? முதலில் கண்காட்சியா, கடைகளா? எதை வாங்கலாம், எதில் ஏமாறக் கூடாது? எனக்குப் பட்டன் மட்டும்தான் தைக்கத் தெரியும், அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

நூல்கண்டு

ஒரு நாளில் முழுதாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு நாள் போதும். நான் ஹூஸ்டன் பக்கம் சுகர் லாண்டில் இருக்கிறேன், ஆறு வருடம் போயிருக்கிறேன். ஒரு வருடம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

1974-இல் கேரி பிரெசென்ஹன் என்ற குவில்ட் கடைக்காரப் பெண்மணி தன் வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்த திருவிழா இது. இன்றைக்கு அந்தப் பெரிய கூடத்தில் ஒரு பக்கம் தொங்கவிட்ட குவில்ட்கள், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கடைகள். கடைப்பக்கம் முதலில் நுழைந்தால் அவ்வளவுதான், குவில்ட்களைப் பார்க்க உங்களிடம் கண்ணும் இருக்காது, காலும் இருக்காது. முதல் முறை அந்தத் தப்பைச் செய்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பன்னிரண்டு கிலோ துணியோடு பரிசு வாங்கிய குவில்ட்கள் முன்னால் நின்றுகொண்டு, உட்கார நாற்காலி தேடினேன்.

போன வருடம் நான் போன விதத்தைச் சொல்கிறேன். காரைத் தெற்கே மெட்ரோ ரயில் பார்க்கிங்கில் விட்டுவிட்டுச் சிவப்புத் தடத்தில் ஏறினேன். டவுன்டவுனில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறினால் கன்வென்ஷன் சென்டர் பக்கத்திலேயே விட்டுவிடும். பத்து மணிக்கு உள்ளே. நேராகப் போட்டிக் குவில்ட்கள். பால்டிமோர் ஆல்பம் பாணியில் ஒன்று: ஒவ்வொரு கட்டத்திலும் பூக்கூடை, பறவை, மாலை எல்லாம் தனித்தனியாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடக்கி, கையால் ஒட்டுத்தையல் போட்டது. திராட்சைக் கொத்தில் ஒரு பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பக்கத்தில் ஜப்பான்காரர் ஒருவரின் குவில்ட். முழுக்கச் சாம்பலும் பழுப்பும், தூரத்திலிருந்து மழை நாள் மாதிரி. கிட்டப் போனால் ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு கட்டம், கோடு. நல்ல கைத்தையலில் ஒரு இஞ்சுக்குப் பத்துத் தையல் விழும். மூன்று அடுக்குத் துணியில் அதைச் செய்வது என்ன பாடு என்று உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொடக் கூடாது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தையல்காரர் கை சும்மா இருக்காது. ஆனால் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் அங்கங்கே நிற்பார்கள். கேட்டால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். கண்டிப்பாகக் கேளுங்கள். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பித்தானே தையலை எடை போடுவோம், அதேதான் இதுவும். முன்பக்கம் பிரமாதமாக இருந்து பின்னால் நூல் முடிச்சு முடிச்சாகத் தொங்கியதையும் பார்த்திருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து, எதிரே டிஸ்கவரி கிரீன் பூங்காவில் புளிச்சாதம். அதற்குப் பிறகுதான் கடை.

கடைக்கணக்கு கொஞ்சம்: ஃபேட் குவார்ட்டர் என்பது கால் யார்டு துணிதான், ஆனால் நீளவாக்கில் கிழித்த ஒல்லித் துண்டு அல்ல, 18-க்கு 22 இஞ்ச். கட்டம் வெட்ட இதுதான் வசதி. ஜெல்லி ரோல் என்று சுருட்டி வைத்திருப்பது இரண்டரை இஞ்ச் அகலப் பட்டைகள், பெரும்பாலும் நாற்பது. அகலத்தைக் கூட்டிப் பார்த்தால் நூறு இஞ்ச், அதாவது மொத்தம் இரண்டே முக்கால் யார்டுதான் வரும். சுருளின் அழகில் மயங்காமல் விலையை இரண்டே முக்காலால் வகுத்து, ஒரு யார்டு என்ன விலை என்று பாருங்கள். பில்லில் 8.25 சதவீதம் வரி ஏறும்.

உருட்டி வெட்டும் ரோட்டரி கட்டர் (45 மில்லிமீட்டர்), அடியில் வைக்கும் பாய், கோடு போட்ட அக்ரிலிக் ஸ்கேல், இந்த மூன்றும் வாங்கினால் அம்மா ஊருக்குப் போனாலும் உதவும். பிளேடு செக்-இன் பெட்டியில் மட்டும்.

பைதூக்கி

இங்கே பேச எனக்குத் தகுதி உண்டு, எட்டு வருடமாக மனைவியின் பைகளைத் தூக்குகிறேன். முழங்கால் வலி என்றால் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள், வெட்கப்பட வேண்டாம். சனிக்கிழமை வேண்டாம், வியாழன், வெள்ளி என்றால் நடக்கவாவது இடம் இருக்கும்.

இன்னொன்று. பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் 221 தையல் மெஷின்களைப் பளபளவென்று துடைத்துக் கறுப்புப் பெட்டியோடு விற்பார்கள். மொத்தமே பதினோரு பவுண்டு, அதாவது ஐந்து கிலோ. தைக்கத் தெரிந்த யாரும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். அம்மா ஊருக்கு எடுத்துப் போகக் கேட்டால் யோசியுங்கள்: இங்கே விற்பது 110 வோல்ட் மோட்டார். கும்பகோணத்தில் 230-இல் நேராகச் சொருகினால் புகைதான் வரும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், அது வேறு ஒரு சுமை. என் மாமியாருக்கு வாங்கிக் கொடுத்து அனுபவப்பட்டவன்.

பழைய வேட்டி

நூல்கண்டு அக்கா சொன்னது போட்டிக் குவில்ட்டுக்குச் சரி. ஆனால் பரிசு வாங்கியவற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், "நமக்கெல்லாம் வராது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். சிறப்புக் காட்சிகளில் பழைய குவில்ட்கள் இருந்தால் அங்கே அம்மாவை உட்கார வையுங்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயல் வேலைக்குப் போட்டு நைந்த பேண்ட், சட்டையை வெட்டித் தைத்த குவில்ட்களை 2002-இல் இதே ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். 2006-இல் அவை தபால்தலையாகவும் வந்தன. முழங்கால் தேய்ந்த இடம்கூட அப்படியே தெரியும். குளிருக்குத் தைத்தார்கள், வீட்டில் இருந்ததை வைத்துத் தைத்தார்கள். நம் பாட்டிகள் பழைய சேலையை மடித்துக் குழந்தைக்குப் போடத் தைத்தது இதற்குத் தூரம் இல்லை.

அப்புறம், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கும்பகோணத்து வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு யார் படுப்பது? நடுவில் ஒரு பழைய வேட்டி போதும்.

ரவுண்ட்ராக் மகள்

வெள்ளிக்கிழமை போய் வந்தோம்! காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வழியில் பாஸ்ட்ராப் ஊரில் பக்கீஸ் பெட்ரோல் பங்க் கடையில் ஒரு காபி. சக்கர நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் அம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நல்ல ஷூவும் முழங்கால் பட்டையும் போதுமானதாக இருந்தன.

முதல் ஒரு மணி நேரம் அம்மா பேசவே இல்லை. ஒட்டுத்தையல் போட்ட ஒன்றின் முன்னால் நின்று, "தஞ்சாவூர்ல தேருக்குத் தொம்பை தைக்கிறவங்க இதைப் பார்க்கணும்" என்றார். பிறகு வெள்ளைக் கையுறை அம்மையார் ஒருவரிடம் என்னைப் பின்பக்கம் கேட்கச் சொன்னார். அவர் தூக்கிக் காட்ட, அம்மா குனிந்து பார்த்து, விரலை நீட்டி, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த அம்மையாருக்கு என்ன தோன்றியதோ, தன் கழுத்தில் போட்டிருந்த துணிப் பையைக் கழற்றி, "இது நான் தைத்தது, இதைத் தொடலாம்" என்று கொடுத்தார். இரண்டு பேரும் மொழியே இல்லாமல் பத்து நிமிடம் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லை. அம்மா ஓரிடத்தில் நகத்தை வைத்துக் காட்டினார், அந்த அம்மையார் "ஆமாம், ஆமாம்" என்று சிரித்தார். என்னவென்று பிறகு கேட்டேன். "ஒரு தையல் விட்டுப்போச்சு, அவளுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

ஃபெதர்வெயிட் முன்னால் நின்றார், பைதூக்கி சார் சொன்னது போலவே. வோல்ட் கதையைச் சொன்னேன். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

கட்டர், பாய், ஸ்கேல் வாங்கினோம். பஞ்சு வாங்கவில்லை. எவ்வளவு வகுத்துப் பார்த்தும் ஜெல்லி ரோல் ஒன்றை விட்டுவர அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதைப் பற்றித்தான் இப்போது சந்தேகம்: பட்டையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கிறது. ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தைக்க, பல்லின் நுனியிலிருந்து அளப்பதா, பள்ளத்திலிருந்தா? அம்மா நுனி என்கிறார், புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

நூல்கண்டு

பட்டையின் அகலத்தை அளந்து பாருங்கள். நுனிக்கு நுனி சரியாக இரண்டரை வந்தால் நுனியிலிருந்து. பள்ளத்துக்குப் பள்ளம் இரண்டரை வந்தால் பள்ளத்திலிருந்து. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு ரோல் முழுக்க ஒரே மாதிரி தைத்தால் சரி. முதலில் தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பட்டையெல்லாம் சிக்கிப் பிசிறு பிசிறாகிவிடும்.

ரவுண்ட்ராக் மகள்

நுனிக்கு நுனி இரண்டரை. அம்மா ஏற்கெனவே எட்டுப் பட்டை தைத்துவிட்டார்.