கொரோனாவில் இறந்த முதியோர் இல்லவாசிகளுக்கு அரசு நினைவு நாள்: கர்நாடகாவில் எப்படிக் கேட்பது?

அல்சூர்க்காரன்:
வணக்கம். 2020, 2021 அலைகளில் முதியோர் இல்லங்களில் வசித்து இறந்தவர்களுக்காக ஆண்டுக்கு ஒரு நாளை மாநில அரசு அறிவிக்க வேண்டும் என்று எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் மன்றம் மனு தயாரிக்கிறது. விடுமுறையாகக் கேட்பதா, சட்டமாகக் கேட்பதா, எந்தத் தேதி, யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதில் வரைவு நிற்கிறது. அக்டோபர் 1 முதியோர் தினத்தோடு சேர்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புப்பூச்சி:
முதலில் ‘விடுமுறை’ என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் இருந்தால் கோப்பு பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறைக்குப் போகும். ‘ஏற்கெனவே விடுமுறைகள் அதிகம்’ என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அரை நாள் போதும்.

சட்டமும் தேவையில்லை. ஆகஸ்ட் 14 பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாள் 2021-ல் உள்துறை அமைச்சகத்தின் கெசட் அறிவிக்கையாக வந்தது. நவம்பர் 26 அரசியலமைப்பு நாளும் 2015-ல் கெசட் அறிவிக்கையாகத்தான் வந்தது. மாநில அளவில் ஒரு பக்க ஜி.ஓ., அதாவது அரசாணை, போதும். இத்தாலி 2021-ல் மார்ச் 18-ஐக் கொரோனா பலியானோர் நாளாகச் சட்டமே போட்டு அறிவித்தது. அங்கும் அன்று அலுவலகம் உண்டு.

மனுவைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பாதீர்கள். ‘இறப்பு’ என்று பார்த்ததுமே விசாரணை கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விளக்கம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இல்லங்கள் வருவது மாற்றுத்திறனாளிகள் மற்றும் மூத்த குடிமக்கள் நலனுக்கான துறையின் கீழ். அங்கே கொடுங்கள்.

அடுத்த பள்ளம் பணம். நினைவுத் தூண், விருது, விழாச் செலவு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தாலும் நிதித் துறை ஒப்புதல் வேண்டும். முதல் ஆண்டு செலவில்லாததை மட்டும் கேளுங்கள்: நாளின் பெயர், தேதி, காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். காந்தி நினைவு நாளான ஜனவரி 30 அன்று அலுவலகங்கள் செய்வதுதான், புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மானியம் பெறும் இல்லங்களுக்கு உத்தரவு, தனியார் இல்லங்களுக்கு வேண்டுகோள் என்று வாசகத்தைப் பிரித்து எழுதுங்கள். எல்லோருக்கும் ‘உத்தரவு’ என்றால் சட்டப் பிரிவு அதிகாரிகள் கோப்பை நிறுத்துவார்கள்.

மனு கன்னடத்தில், இரண்டு பக்கத்துக்குள். நஷ்டஈடு, எந்த இல்லத்தின் அலட்சியம் என்பதெல்லாம் நியாயமான விஷயங்கள்தான், ஆனால் வேறு மனுவில் இருக்கட்டும். தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கியதோடு நிறுத்தாமல், பத்து நாள் கழித்துக் கோப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செயலகம் எப்படியும் அந்தத் துறை இயக்குநரகத்தின் கருத்தைக் கேட்டுக் கீழே அனுப்பும். கோப்பு தூங்குவது அங்கேதான். அதனால் அதே நாளில் இயக்குநரகத்துக்கும் ஒரு நகல். எம்.எல்.ஏ. பரிந்துரை தனிக் கடிதமாக இருக்கட்டும்.

மல்லேஸ்வரம் மாமி:
அக்டோபர் 1 வேண்டவே வேண்டாம். அன்றைக்கு சால்வை, பாட்டுப் போட்டி, மியூசிக்கல் சேர். அதே மேடையில் மௌன அஞ்சலி வைத்தால் அது நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது வரியாகிவிடும்.

மகாளய அமாவாசை என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். திதி ஆண்டுதோறும் நகரும், ஜி.ஓ.வுக்கு நிலையான தேதி வேண்டும். அந்த இல்லங்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் இதே பதில்.

என் பரிந்துரை மார்ச் 10. 2020-ல் அந்தத் தேதியில் கலபுர்கியைச் சேர்ந்த 76 வயதுப் பெரியவர் இறந்தார். இந்தியாவின் முதல் கொரோனா மரணம் அதுதான், 12-ம் தேதி உறுதியானது. முதியவர், கர்நாடகக்காரர், அரசே பதிவு செய்த தேதி. ஆனால் அவர் முதியோர் இல்லவாசி என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், அவர் அப்படியல்ல. ஒரே ஒரு தவறான வரி போதும், முழு மனுவையும் சந்தேகிப்பார்கள்.

மார்ச்சில் பட்ஜெட், கணக்கு முடிப்பு என்று அதிகாரிகள் தலை நிமிர மாட்டார்கள். மனுவை நவம்பருக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

எண்கணக்கன்:
மாமி, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. பள்ளிகள் மூடியிருக்கும் என்பதால் வற்புறுத்தவில்லை.

தேதியைவிடச் சிக்கலானது வரையறை. நியூயார்க் மாநிலத்தில் இல்லவாசி மருத்துவமனையில் இறந்தால் அது இல்ல மரணக் கணக்கில் வரவில்லை. 2021 ஜனவரியில் அம்மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அறிக்கை, எண்ணிக்கை 50 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்றது. இங்கும் அதே ஓட்டை உண்டு. இல்லத்துப் பதிவேட்டில் ‘மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்’ என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். மாநிலத்தின் தினசரி அறிக்கையில் வயது, பாலினம், மாவட்டம் இருந்தன. எங்கே வசித்தார் என்பது இல்லை. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், மரணத்தைத் தெரிவிக்க வேண்டிய இடங்களின் வரிசையில் சத்திரம், விடுதி, கள்ளுக்கடை வரை பெயர் சொல்லியிருக்கிறது. முதியோர் இல்லம் என்ற பெயரைக் காணோம்!

எனவே இப்படி எழுதுங்கள்: ‘நோய் கண்ட நாளில் ஓர் இல்லத்தின் பதிவேட்டில் இருந்தவர், எங்கே இறந்திருந்தாலும், தொற்று உறுதியான 30 நாளுக்குள்.’ அந்த 30 நாள் 2021 செப்டம்பர் மத்திய வழிகாட்டுதலில் உள்ளது, யாரும் மறுக்க முடியாது. பரிசோதனையே நடக்காமல் இறந்தவர்கள் இதில் விடுபடுவார்கள், அதனால் ‘மருத்துவர் சான்றளித்தவர்களும்’ என்று சேருங்கள். ‘பதிவு பெற்ற இல்லம்’ என்று மட்டும் போட்டால் பெங்களூரில் வாடகை வீட்டில் நடக்கும் பல இல்லங்கள் வெளியே நிற்கும்.

எண்ணிக்கைக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம். 10 ரூபாய் கட்டணம். கர்நாடக விதிப்படி ஒரே பொருள், சுமார் 150 சொல்லுக்குள். ‘கொரோனாவில் எத்தனை பேர்’ என்று கேட்டால் ‘அப்படித் தொகுத்த தகவல் இல்லை’ என்று பதில் வரும். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்: மானியம் பெறும் இல்லங்களின் சேர்க்கை, நீக்கப் பதிவேட்டு நகல், 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை, பெயர் மறைத்து.

அல்சூர்க்காரன்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. அன்றைக்குப் பெயர்களை வாசிக்கலாமா? மன்றத்தில் பலருக்கு அந்த ஆசை.

மல்லேஸ்வரம் மாமி:
குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் வேண்டாம். அம்மா இல்லத்தில் இருந்தார் என்பதைச் சொந்தக்காரர்களிடமே மறைத்த வீடுகள் உண்டு. பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் சண்டை உங்கள் வாசலுக்கு வரும். ஒப்புதல் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: முழுப் பெயர், தலைப்பெழுத்தும் வயதும், பெயரே வேண்டாம். உறவே இல்லாதவர்களுக்கு இல்லத்துப் பொறுப்பாளர் கையெழுத்திடலாம், ஆனால் அந்தப் பெயரை இல்லத்துக்குள் மட்டும் வாசியுங்கள்.