கலப்பினத் தவளை மலடாகாதது ஏன்?

மாங்குளம் உயர்தரம்:
குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63 நிறமூர்த்தம் (குரோமோசோம்). முட்டை, விந்து உண்டாகிற ஒடுக்கற்பிரிவில் அவை ஒழுங்காகச் சோடி சேராது, அதனால் மலடு எண்டது விளங்குது. ஆனால் ஐரோப்பாவில் எஸ்குலென்டஸ் எண்ட தவளை இரண்டு இனத்தின் கலப்பு, அது தலைமுறை தலைமுறையாகப் பெருகுது எண்டு படிப்பிச்சவை. எப்படிச் சாத்தியம்? மற்றது, மாரி தொடங்க எங்கட வயல் வெள்ளத்திலும் வேறு வேறு இனத் தவளைகள் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. அதிலயும் கலப்பினம் வருமா?

கனகராயன்:
தம்பி, எஸ்குலென்டஸ் அந்தச் சோடி சேரும் சிக்கலுக்குள் போவதே இல்லை. தாய் தந்தை இனங்கள் லெசோனே, ரிடிபண்டஸ். இரண்டுக்கும் 26 நிறமூர்த்தம். கலப்பினத்துக்கும் 26தான்: லெசோனேயின் 13 (இதை ‘லெ’ என்போம்), ரிடிபண்டஸின் 13 (‘ரி’). உடற்கலம் எல்லாவற்றிலும் இரண்டு தொகுதியும் இருக்கும். சனனியில்தான் (முட்டை, விந்து உண்டாகும் உறுப்பு) விசயம் மாறுகிறது. வாற்பேய்ப் பருவத்திலேயே, புணரிகளை, அதாவது முட்டை அல்லது விந்தைத் தரப்போகும் கலங்கள் ‘லெ’ நிறமூர்த்தங்களை வெளித்தள்ளத் தொடங்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பெரிய கருவுக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டாக நுண்கரு தெரியும். தள்ளப்பட்ட நிறமூர்த்தம் அதற்குள் கிடந்து அழியும். மிஞ்சிய 13 ‘ரி’ இரட்டித்து மறுபடி 26 ஆகும். பிறகு வழமையான ஒடுக்கற்பிரிவு. சோடி சேருவது தன் நகலுடன் என்பதால் தடங்கலில்லை. சோடிகள் துண்டு மாற்றிக்கொள்ளும் குறுக்குப் பரிமாற்றம் நடந்தாலும் புதிதாக ஒன்றும் கலக்காது. வெளிவரும் முட்டை அப்படியே ‘ரி’.

அந்த முட்டை லெசோனே ஆணின் விந்துடன் சேர்ந்தால் மறுபடி ‘லெரி’. அதனால் கலப்பினம் பெருக லெசோனே பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். ‘லெ’ ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக வாங்கி, ஒரு உடலுக்குப் பாவித்து, எறியப்படுகிறது. ‘ரி’ மாத்திரம் குளோனாக, கலக்காத நகலாகக் கைமாறுகிறது.

சரி, கலப்பினமும் கலப்பினமும் சேர்ந்தால்? ‘ரிரி’ வரும், காகிதத்தில் பார்த்தால் சுத்தமான ரிடிபண்டஸ். ஆனால் பெரும்பாலும் வாற்பேயாகவே சாகும். மீள்சேர்க்கை (வேறு நிறமூர்த்தத்துடன் கலப்பது) இல்லாமல் வந்த ‘ரி’யில் தீய பின்னடைவு விகாரங்கள் (நல்ல பிரதி ஒன்று இருந்தால் வெளித்தெரியாத பழுதுகள்) சேர்ந்துகொண்டே போகும், கலப்பின உடலில் ‘லெ’ அதை மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அதே பழுது வந்தால் மறைக்க ஆளில்லை. பெற்றோர் வெவ்வேறு ‘ரி’ குளோனாக இருந்தால் பழுதுகள் வேறு இடங்களில் இருக்கும், அப்போது சில தப்பும். விடை எழுதும்போது ‘ரிரி இறக்கும்’ என்று மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

முத்தையன்கட்டு:
ஒன்று சேர்க்கிறேன். மேலே சொன்னது ‘ரி’யைக் கடத்தும் முறை. வேறு சில இடங்களில் ரிடிபண்டஸுடன் வாழும் கலப்பினம் ‘ரி’யை எறிந்து ‘லெ’யைக் கடத்தும். தென் சுவீடன், டென்மார்க் பகுதிகளில் தாய் தந்தை இனம் இரண்டும் இல்லாமலே கலப்பினம் வாழ்கிறது. அங்கே இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி, அதாவது 39 நிறமூர்த்தமுள்ள மும்மடியங்கள் உண்டு. ‘லெலெரி’ தன்னிடம் ஒற்றையாக உள்ள ‘ரி’யை எறிந்து ‘லெ’ புணரி தரும். ‘லெரிரி’ மறுதலையாக ‘ரி’ தரும். அதாவது இல்லாத பெற்றோரின் வேலையை மும்மடியம் செய்கிறது. இருமடியப் பெண் (இரண்டு தொகுதியுள்ள ‘லெரி’) சில வேளை எதையும் எறியாமல் ‘லெரி’ முட்டையே இடும்; அதில் ‘லெ’ விந்து சேர்ந்தால் திரும்ப ‘லெலெரி’. மும்மடியத்தின் செங்குருதிக்கலம் இருமடியத்தினதை விடப் பெரியது. ஒரு துளி இரத்தப் படலம் பார்த்தே சந்தேகப்படலாம்.

பாலியாறு:
வயல் பற்றிய கேள்விக்கு: பிடித்துக்கொண்டு நிற்பதை வைத்துக் கலப்பினம் என்று சொல்லக்கூடாது. ஆண் தேரை அசைவது எதையும் பிடிக்கும். பிடிபட்டது ஆண் என்றால் விடச்சொல்லிக் கத்தும், முட்டை நிறைந்த பெண் பேசாமல் நிற்கும். அதனால்தான் இனம் மாறிய பிடி நீளுகிறது.

முட்டையைப் பாருங்கள். கருக்கட்டிய முட்டை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் சளிக்கூழுக்குள் உருண்டு கறுப்புப் பக்கம் மேலே வந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் கண்டபடி நின்று, பிறகு வெளிறிப் பூஞ்சணம் பிடித்தால் கருக்கட்டவே இல்லை. கருக்கட்டினாலும் தூரத்து இனங்களின் கலப்பு பிளவுபட்டு உருண்டையாகி, உதரக்கோளம் (கலங்கள் உள்மடிந்து படைகளாகும் முளையப் பருவம்) உருவாகும் கட்டத்தில் நின்றுவிடும். அதுவரை முட்டைக்குள் தாய் வைத்த சரக்கில் ஓடியது. அங்கிருந்து சொந்தப் பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) வேலை செய்யவேண்டும், இரண்டு தொகுதியும் ஒத்துவராது. அவதானிக்க வெள்ளைத் தட்டம், அதே வயல் தண்ணீர், இரண்டு விரல் ஆழம் போதும். குளோரீன் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். பாடசாலைக்குக் கொண்டுபோக முதல் வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி எடுங்கள். வயலோரத்திலேயே பார்த்துவிட்டு விடுவது நல்லது.

மாங்குளம் உயர்தரம்:
நன்றி சேர். ஆண் கலப்பினம் லெசோனே பெண்ணுடன் சேர்ந்தாலும் ‘லெரி’தானே? விடையில் வித்தியாசம் வருமா?

கனகராயன்:
இனத்தில் வராது, பாலில் வரும். முதற்கலப்பு பெரும்பாலும் சிறிய லெசோனே ஆணும் பெரிய ரிடிபண்டஸ் பெண்ணும் சேர்ந்தது. ஆகவே ‘ரி’ முட்டை வழியாக வந்தது, எக்ஸ் நிறமூர்த்தத்துடன். இந்த ஆண் தரும் விந்தும் ‘ரி’ எக்ஸ்தான்; லெசோனே முட்டையும் எக்ஸ். பிள்ளைகள் அத்தனையும் பெண். ஆண் கலப்பினம் வேண்டுமென்றால் வை நிறமூர்த்தம் லெசோனே தகப்பனிடமிருந்து வரவேண்டும். தப்பிப் பிழைக்கும் ‘ரிரி’களும் இதே காரணத்தால் பெண்களே.